கோச் இல்லாத பத்து நிமிடம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மூவர் கூடைப்பந்தில் கோச்சுக்கு மைதானத்தில் இடம் இருக்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது அவர் பார்வையாளர்களோடுதான் உட்கார வேண்டியிருந்தது. அங்கிருந்து கத்தி வழிநடத்தவும் கூடாது என்பது அன்றைய விதி. கோட்டுக்கு வெளியே அணியின் சார்பில் இருந்தவர் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் மட்டுமே. அங்கே ஜெர்மனியின் பெண்கள் அணியை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை விடாமல் தொடர்ந்து பார்த்தேன். அவர்கள் தங்கம் வாங்கினார்கள். அதை எண்ணி இன்றும் மகிழ்கிறேன். ஆனால் அந்த நாட்களை யாரிடமாவது சொல்லத் தொடங்கினால், என் வாயில் முதலில் வருவது இந்த விதிதான். நான்கு பெண்கள், பத்து நிமிடம், அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு குரலும் இல்லை.

அந்த நால்வரின் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வென்யா ப்ருன்க்ஹோர்ஸ்ட், சோன்யா கிரைநாஹர், மரீ ரைஹெர்ட், எலிசா மேவியுஸ். முதல் இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். ப்ருன்க்ஹோர்ஸ்ட் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர். கிரைநாஹர் எஸ்ஸன் நகரத்துக்காரர், நல்ல உயரம், அமெரிக்காவில் கொன்சாகா பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். மற்ற இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள். மேவியுஸுக்கு அப்போது வயது 20. கோச் சமீர் சுலைமான். அவரை நான் பார்த்ததெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் ஒரு தலையாகத்தான்.

எனக்கு இந்த அணியோடு ஒட்டுதல் வந்தது ஸ்டுட்கார்டில், ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கில். வியாழக்கிழமை மாலைகளில் அங்கே பெண்கள் சிலர் கூடி விளையாடுவோம். ஒருவர் நர்ஸ், ஒருவர் டிராம் ஓட்டுகிறார், ஒருவர் ஓய்வுபெறப்போகும் ஆசிரியை. பத்துப் பேர் சேர்ந்து முழு மைதானத்தில் ஆடுவது அபூர்வம். ஆறு பேர் வந்தால் போதும், ஒரே ரிங்கில் மூன்றுக்கு மூன்று ஆடிவிடுவோம். அந்த மே மாதம் ஹங்கேரியில் டெப்ரெட்சென் நகரத்தில் ஒலிம்பிக்குக்கான கடைசித் தகுதிப்போட்டி நடந்தபோது, ஆசிரியைதான் யூடியூப் நேரலையின் இணைப்பை எங்கள் எல்லாருக்கும் அனுப்பினார். "இது நம்ம ஆட்டம், பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். பார்த்தேன். அதற்குப் பிறகு டிக்கெட் தேடுவதிலேயே என் பொழுது போனது.

பாரிஸில் மொத்தம் எட்டு அணிகளுக்குத்தான் இடம். சீனா, அமெரிக்கா, பிரான்ஸ் மூன்றும் தரவரிசையை வைத்து உள்ளே வந்துவிட்டன. அஜர்பைஜானும் ஆஸ்திரேலியாவும் வேறு இரண்டு தகுதிப்போட்டிகளில் ஜெயித்து வந்தன. மிச்சமிருந்த மூன்று இடங்கள் டெப்ரெட்செனில் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் கிடைத்தன. அதாவது, ஜெர்மனி கடைசி வண்டியில் ஏறியது. ஜெர்மன் பத்திரிகைகளின் கூடைப்பந்துப் பக்கங்கள் எல்லாம் ஐவர் ஆட்டத்து ஆண்களுக்குப் போயிருந்தன. அவர்கள் 2023இல் மணிலாவில் உலகக்கோப்பை வென்றவர்கள், நியாயம்தான். மூவர் அணிப் பெண்களைப் பற்றிய செய்தியை நான் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 26 அன்று, தொடக்க விழா நாளில், பிரான்சின் அதிவேக ரயில் பாதைகளில் யாரோ சிக்னல் கேபிள்களுக்குத் தீ வைத்தார்கள். கிழக்குப் பாதையும் அதில் மாட்டிக்கொண்டது. ஸ்டுட்கார்டிலிருந்து பாரிஸுக்குப் போக எனக்கிருந்தது அந்தப் பாதைதான். அந்த வாரக் கடைசி முழுவதும் போனில் ரயில் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரிசெய்துவிட்டார்கள். நானும் ஆசிரியையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்.

தொடக்க விழாவில் கொட்டிய மழை எங்கே போனதோ, நாங்கள் இறங்கியபோது பாரிஸ் கொதித்துக்கொண்டிருந்தது. போட்டி நடந்த இடம் கொன்கோர்த் சதுக்கம். 1793இல் பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய இடம். எகிப்தின் லக்சோரிலிருந்து கொண்டுவந்து 1836இல் நட்ட ஒற்றைக் கல் தூண் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றிலும் தற்காலிக அரங்குகளைக் கட்டி, ஸ்கேட்போர்டு, பிஎம்எக்ஸ் சைக்கிள், பிரேக்கிங் நடனம், மூவர் கூடைப்பந்து நான்கையும் அங்கே வைத்திருந்தார்கள். சதுக்கத்தின் மெட்ரோ நிலையத்தை ஒலிம்பிக்குக்காக மூடிவிட்டதால் எல்லாரும் தொலைவில் இறங்கி நடந்தே வர வேண்டும். அந்த நடையில்தான் எந்தெந்த ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. முகத்தில் சாயம் பூசிய டச்சுக்காரர்கள், கழுத்தில் கொடியைக் கட்டிய ஸ்பானியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்த பிரெஞ்சு ஆசிரியர்கள். நாங்கள் இரண்டு பேர், ஒரு சின்னக் கொடி.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைதானத்தின் அகலம் 15 மீட்டர், நீளம் 11 மீட்டர். ரிங் ஒன்றே ஒன்று. வளைவுக் கோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் 1 புள்ளி, வெளியிலிருந்து போட்டால் 2. பத்து நிமிடம் முடிவதற்குள் யார் 21ஐத் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. யாரும் தொடாவிட்டால் நேரம் முடியும்போது முன்னால் இருப்பவருக்கு. பந்து கைக்கு வந்தால் 12 நொடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும். ஐவர் ஆட்டத்தில் அதற்கு 24 நொடி. இன்னொன்றும் உண்டு: ஐவர் ஆட்டத்தில் தூரத்து எறிதலுக்கு மூன்று, கிட்டத்து எறிதலுக்கு இரண்டு. இங்கே தூரத்து எறிதல் நேர் இரட்டிப்பு. ஆகவே நாலைந்து புள்ளி முன்னால் இருக்கிறோம் என்று யாரும் மூச்சுவிட முடியாது. வெளியிலிருந்து மூன்று பந்து விழுந்தால் எல்லாம் தலைகீழ்.

கூடை விழுந்ததும் ஆட்டம் நிற்பதில்லை. கூடை வாங்கிய அணி ரிங்குக்கு அடியிலேயே பந்தை எடுத்து, வளைவுக்கு வெளியே கொண்டுபோய், உடனே திரும்பித் தாக்க வேண்டும். ஒரு நொடி முன்பு தடுத்தவள் இப்போது தாக்குகிறாள். எதிராளி கொண்டாடக் கையைத் தூக்கியிருந்தால் அதற்குள் அவள் தலைக்கு மேலே பந்து போய்விடும். ஒருவர் எத்தனை ஃபவுல் செய்தாலும் அவரை அதற்காக வெளியேற்ற மாட்டார்கள். அணியின் கணக்கு மட்டும் ஏறும். ஏழாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பத்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அவர்களுக்கே. அதனால் முதல் சில நிமிடங்களில் ரிங்குக்கு அடியில் முட்டலும் தள்ளலும் கடுமையாக இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் எல்லார் கையும் தானாக அடங்கும். அந்தக் கட்டம் எப்போது வருகிறது என்பதைக் களத்தில் இருப்பவரே எண்ணிக்கொண்டு ஆட வேண்டும்.

ஜூலை 30 அன்று ஜெர்மனிக்கு முதல் ஆட்டம் அமெரிக்காவோடு. டோக்கியோவில் இந்த ஆட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது பெண்கள் தங்கம் அமெரிக்காவுக்குத்தான் போனது. 2023 மூவர் உலகக்கோப்பையும் அவர்களுடையதே. சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல முதல் நாளே அவர்கள் எதிரே வந்து நின்றதும் ஆசிரியை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். 17-13 என்று ஜெர்மனி ஜெயித்தது. அரங்கத்தில் பாதிப் பேருக்கு இது ஆச்சரியம். நான் ஸ்கோர் பலகையைப் பார்த்ததைவிட அந்தப் பெண்களின் வாயையும் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஓயாமல் பேசினார்கள். ஆட்டம் முழுக்க டிஜே பாட்டைப் போட்டுக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். ஸ்க்ரீன் (வழிமறிப்பு) வருகிறது என்று ஒருத்தி கத்துவாள், மாற்றிக்கொள்ளலாமா வேண்டாமா என்பதை மற்றவள் ஒரு சொல்லில் முடிப்பாள். ஃபவுல் ஊதி ஆட்டம் நின்ற சில நொடிகளில் மூன்று தலைகளும் நெருங்கும், ஒருத்தி இரண்டு விரலைக் காட்டுவாள், மற்ற இருவரும் தலையை ஆட்டிவிட்டுப் பிரிவார்கள். ஆளை மாற்றுவதற்கும் நடுவரிடம் கேட்பதில்லை. பந்து நின்றிருக்கும் நேரத்தில் களத்தில் இருப்பவள் வெளியே வந்து காத்திருப்பவளின் கையைத் தட்டினால் போதும், அவள் உள்ளே போவாள். எனக்கு மூச்சு வாங்குகிறது, நீ வா என்பதைத் தானே உணர்ந்து தானே சொல்ல வேண்டும். இருபது வயதுப் பெண் முப்பதைத் தாண்டிய மூத்தவளைப் பார்த்து கையை நீட்டி "வா வெளியே" என்று அழைத்ததையும் கண்டேன். மூத்தவள் மறுபேச்சில்லாமல் வந்தாள்.

பக்கத்தில் ஆசிரியை சுலைமானைக் காட்டினார். அவர் முழங்கையைத் தொடையில் ஊன்றி, கைகளைக் கோத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் அவர் ஆட்டத்துக்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும். இனி அவர் கற்றுக்கொடுத்தது அவர்களுடையது.

நான் தேனி மாவட்டத்துக்காரி. பெரியகுளத்தில் கோடை விடுமுறையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் என்பதை அந்தப் பக்கத்து ஆட்கள் அறிவார்கள். வங்கி அணி, ரயில்வே அணி, ராணுவ அணி என்று வடக்கிலிருந்தெல்லாம் வருவார்கள். ராத்திரி விளக்கொளியில் ஆட்டம். குடும்பத்தோடு போய் கேலரியில் உட்கார்ந்து பார்ப்போம். ரிபவுண்ட், லே-அப் எல்லாம் எங்கள் ஊர்ப் பாட்டிமார் வாயிலும் புழங்கிய சொற்கள். அப்படி ஒரு ஊரில் வளர்ந்ததால்தான் பள்ளிக்கூட அணியில் சேர வீட்டில் விட்டார்கள்.

எங்கள் மைதானத்தில் இரண்டு ரிங் இருந்தன. பையன்கள் முழு மைதானத்தில் ஆடுவார்கள். அவர்களுக்கு ஓய்வு வரும்போது, அல்லது அவர்கள் பாதி பேர் மட்டும் வந்த நாட்களில், ஓரத்து ரிங் எங்களுக்குக் கிடைக்கும். ஆகவே எங்கள் பழக்கமெல்லாம் அரை மைதானத்தில்தான். போட்டிக்குப் போனால் முழு மைதானத்தில் ஓடிப் பழகாததால் இரண்டாம் பாதியில் கால் தள்ளாடும். அதைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது எங்கள் கோச்சின் குரல். கோட்டோரமாகவே நடந்து வருவார். "குடு! போடு! ஏய், அங்க பாரு!" பந்து கைக்கு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது ரிங்கை அல்ல, சார் முகத்தை. அவர் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் பாஸ் போகும். பையன்களிடம் அவர் அவ்வளவு கத்தவில்லை என்பது பெரியவளான பிறகுதான் உறைத்தது. அவர்களுக்குத் தெரியும், இவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம். அவர் கெட்டவரில்லை. எங்களுக்காகத் தலைமை ஆசிரியரிடம் சண்டைபோட்டுப் பந்து வாங்கித் தந்தவரும் அவர்தான். ஆனாலும் நாங்கள் யோசித்து ஆட ஒரு நாள்கூட அவர் இடம் விட்டதில்லை.

கொன்கோர்த் சதுக்கத்தில் உட்கார்ந்து, ஓரத்து ரிங் ஒன்றையே முழு ஆட்டமாக்கி, கோச்சையும் கூட்டத்துக்குள் அனுப்பிவிட்ட ஒரு விளையாட்டை அத்தனை ஆயிரம் பேர் எழுந்து நின்று பார்த்ததைக் கண்டபோது எனக்குள் என்னென்னவோ கிளறியது. பக்கத்திலிருந்த ஆசிரியைக்கு அதை ஜெர்மன் மொழியில் சொல்ல முயன்றேன். அவர் கேட்டுவிட்டு, தன் பள்ளிப் பருவத்திலும் அரங்கம் முதலில் பையன்களுக்குத்தான் என்றார்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல என்பதையும் அவரிடம் சொன்னேன். 2013இல் தோஹாவில் நடந்த முதல் ஆசிய மூவர் கூடைப்பந்துப் போட்டியில் பெண்கள் தங்கத்தை வென்றது இந்தியா. அந்த அணியில் சென்னையின் அனிதா பால்துரை இருந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவுக்காக ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். கிரிக்கெட் ஆடுபவர் ஒருவர் அத்தனை ஆண்டுகள் நாட்டுக்காக ஆடியிருந்தால் தெருவுக்குத் தெரு படம் ஒட்டியிருப்போம். அனிதாவின் பெயரைக் கேட்டால் தேனியில்கூடப் பலர் யோசிப்பார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம். ஆசிரியை அவர் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி வாங்கிக்கொண்டார்.

லீக் சுற்றில் ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடும் மோத வேண்டும். சில நாட்களுக்குள் ஏழு ஆட்டம். ஒரே நாளில் இரண்டு முறை களம் இறங்கவும் நேரும். பத்து நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் கூடை விழுந்தாலும் நிற்காத பத்து நிமிடம் அது. முட்டியில் பட்டை, தோளில் பட்டை, விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய டேப். நாளுக்கு நாள் அந்த டேப்புகள் கூடிக்கொண்டே போயின. ஜெர்மனி பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் இரண்டு அணிகளுக்கு நேராக அரையிறுதி. அடுத்த நான்கு தங்களுக்குள் மோதி மற்ற இரண்டு இடங்களைப் பிடிக்க வேண்டும். அந்த ஓய்வு ஜெர்மனிக்குப் பெரிய வரம். சொந்த மண்ணில் ஆடிய பிரான்ஸ் முதல் ஆறுக்குள்கூட வரவில்லை. 2022 உலகக்கோப்பையை வென்ற நாடு! அவர்கள் வெளியேறியபோது எனக்குப் பின்னால் இருந்த பள்ளிப் பிள்ளைகள் தேம்பியதைக் கேட்டு, எதிரணி ரசிகர்களான எங்களுக்கும் தொண்டை அடைத்தது.

அரையிறுதிக்கு வந்த நான்கு: ஜெர்மனி, ஸ்பெயின், கனடா, அமெரிக்கா. நான்கில் மூன்று டெப்ரெட்செனில் கடைசி வண்டி ஏறியவை. தரவரிசை சொன்னதற்கு நேர்மாறு. இதற்குக் காரணம் எனக்கு ஒன்றுதான் படுகிறது. அந்த மூன்று அணிகளும் நெடுநாள் ஒன்றாக ஆடியவை. இந்த விளையாட்டையே தொழிலாகக் கொண்ட பெண்கள் அவற்றில் இருந்தார்கள். கனடாவில் புளூஃப் என்ற இரட்டைச் சகோதரிகள் மிஷேலும் கேத்ரினும். ஸ்பெயினில் நாற்பதை நெருங்கிய சாந்த்ரா இகெராவிதெ. வெளியிலிருந்து சொல்ல ஆளில்லாத ஆட்டத்தில், ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் எண்ணத்தைப் படிக்க ஆண்டுகள் ஆகும். பெரிய நட்சத்திரங்களைச் சில வாரம் சேர்த்து வைத்தால் அது வராது.

ஆகஸ்ட் 5. அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில். கனடாவை ஜெர்மனி 16-15 என்று தாண்டியது. அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது; கடைசி ஒரு நிமிடம் ஆசிரியை கண்களை மூடிக்கொண்டு "சொல், சொல்" என்றார், நான் அவருக்கு நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தேன். ஸ்பெயினும் அமெரிக்காவும் கூடுதல் நேரத்துக்குப் போயின. இந்த ஆட்டத்தில் கூடுதல் நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது, முதலில் இரண்டு புள்ளி எடுப்பவர் வெற்றியாளர். ஸ்பெயின் 18-16. அப்புறம் கனடாவை 16-13 என்று வென்று வெண்கலத்தை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுத் தொடங்கிய அணி அது. அங்கிருந்து பதக்கம்வரை ஏறி வந்ததற்கு நாங்களும் எழுந்து கைதட்டினோம்.

இறுதி ஆட்டம் தொடங்கும்போது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. பக்கத்துத் துய்லெரித் தோட்டத்துக்கு மேலே ஒலிம்பிக் தீக்கொப்பரை பலூனில் தொங்கியது. ஆட்டத்தை எப்படி எழுதுவது? ஒரு பக்கம் முன்னே போகும், மறுபக்கம் எட்டிப் பிடிக்கும். ஸ்பெயின் பெண்கள் பந்தைக் கையில் வைத்திருந்த நேரமே குறைவு. தொட்டதும் அடுத்தவளிடம் போய்விடும். ஜெர்மனி உடம்பைக் குறுக்கே வைத்து அந்தப் பாதைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. தொலைக்காட்சி இடைவேளையில் நான்கு ஜெர்மன் பெண்களும் தோளோடு தோள் சேர்த்துக் குனிந்து நின்றார்கள். நான் சுலைமானைத் தேடினேன், கூட்டத்தில் கண்ணில் படவில்லை.

கடைசி நொடிகளில் எனக்கு முன்னால் இருந்த வரிசை மொத்தமாக எழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது மேலே இருந்த கடிகாரமும் ஸ்கோரும்தான். 17-16. அந்த 17 ஜெர்மனியுடையது. ஸ்கோர் மாறக்கூடாது, கடிகாரம் சீக்கிரம் பூஜ்யமாக வேண்டும். வேறெதுவும் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பூஜ்யம் வந்தது. ஆசிரியை அழுதார். நானும்.

ஜெர்மனிக்கு ஒலிம்பிக்கில் கூடைப்பந்தில் கிடைத்த முதல் பதக்கம் இது, ஆண், பெண் இரண்டையும் சேர்த்து. 2008இல் பெய்ஜிங்கில் ஜெர்மனியின் கொடியைத் தாங்கிப்போன கூடைப்பந்து வீரர் டிர்க் நோவிட்ஸ்கிக்கும் வாய்க்காத பதக்கம். அவர் அன்று அரங்கத்தில் இருந்தார். பிறகு அந்தப் பெண்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டபோது முகமெல்லாம் மலர்ச்சி. மேடையில் ஏறியவர்கள் நால்வர் மட்டும்தான், ஒலிம்பிக்கில் கோச்சுகளுக்குப் பதக்கம் இல்லை. அந்த டிசம்பரில் ஜெர்மனியின் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் ஆண்டின் சிறந்த அணியாக இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலையில் தேடித் தேடிப் படித்த பெயர்கள் அன்று முதல் பக்கத்தில்.

பெண்கள் ஆட்டம் முடிந்த கையோடு ஆண்கள் இறுதி. நெதர்லாந்தும் பிரான்சும். கூடுதல் நேரத்தில் நெதர்லாந்தின் வொர்தி டி யோங் வளைவுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்து 18-17 என்று முடித்தது. ஒரே இரவில் இரண்டு இறுதி, இரண்டும் ஒரு புள்ளியில்.

மறுநாள் ஊர் திரும்பும் முன் நானும் ஆசிரியையும் லா சப்பேல் போனோம். பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஈழத்தமிழர் வட்டாரம். ஆசிரியைக்கு முறுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் சோர்ந்துபோய் இருந்தார்.

"நேற்று மேட்ச் பாத்தனீங்களோ அக்கா? எங்கட பெடியள் ஒரு பொயின்ற்றால விட்டுட்டாங்கள்."

எங்கட பெடியள் என்றது பிரான்ஸ் ஆண்களை. நான் ஜெர்மன் பெண்கள் அணிக்காக வந்ததைச் சொன்னேன்.

"பொம்பிளையளும் விளையாடினவையோ?"

உள்ளேயிருந்து அவர் மகள் வந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும், கையில் பந்து இல்லை என்றாலும் காலில் கூடைப்பந்து ஷூ. "அவையள்தானே அப்பா முதல் விளையாடினவை. நீங்கள் பெடியளின்ர மேட்சுக்குத்தான் வந்து இருந்தனீங்கள்." பிறகு என்னிடம் திரும்பினாள். "அன்ரி, அவைக்குக் கோச் பக்கத்தில இல்லையே. அப்ப கடைசியில ஆர் சொல்லிக்குடுக்கிறது?"

"யாருமில்லம்மா. அவங்களே பேசி முடிவு பண்ணுவாங்க."

"என்ன கதைச்சவை?"

நான் இருந்த இடத்துக்கு அது கேட்கவில்லை என்றேன்.

"ரீவியில கேட்டது. கிட்ட மைக் கொண்டுபோறவங்கள். ஆனா டொச்சில கதைச்சதால எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." அதற்குள் போனை எடுத்துத் தேடத் தொடங்கிவிட்டாள். "உங்களுக்கு டொச் தெரியுமே?"

ஆசிரியையைக் காட்டி, இவர் எனக்கும் டொச் பாடம் எடுப்பார் என்றேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்தச் சின்னத் திரையில என்னத்தைப் பாக்கிறது, இதில போடு" என்று கல்லாவுக்கு மேலே இருந்த டிவியின் ரிமோட்டை நீட்டினார். பின்னால் வெண்டைக்காயோடு நின்ற அம்மா ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி நிமிசத்தில இருந்து போடவோ, அன்ரி?"

எங்கள் ரயிலுக்கு நேரம் இருந்தது. முதலில் இருந்தே போடு என்றேன்.